தாம்பரத்தில் இறங்கிப் பாருங்கள்: மின்சார ரயிலில் நான்கு ஸ்டேஷன், ஒரு நாள்

தெற்கிலிருந்து சென்னைக்கு வருகிறவர்கள் பலருக்குத் தாம்பரம் என்பது தூக்கக் கலக்கத்தில் கேட்கும் ஒரு பெயர். "தாம்பரம் எல்லாம் இறங்கு" என்ற குரல் கேட்டதும் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கி, அடுத்த வண்டி பிடித்து ஊருக்குள் போய்விடுவார்கள். இப்போது அரசு பஸ்கள் கிளாம்பாக்கத்திலேயே நின்றுவிடுவதால் அந்தக் குரலும் குறைந்துவிட்டது.

நான் 1986-ல் கல்யாணமாகித் தஞ்சாவூரிலிருந்து சிட்லபாக்கத்துக்கு வந்தவள். பள்ளியில் புவியியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றேன். போன வருடம் என் அண்ணன் மகள் பெருங்களத்தூரில் வீடு வாங்கிக் குடிவந்தாள். வந்த மாதமே, "அத்தை, வண்டலூர் ஜூவை விட்டால் இங்கே பையனைக் கூட்டிப்போக என்ன இருக்கு?" என்று கேட்டாள். அடுத்த சனிக்கிழமையே அவளையும் எட்டு வயதுப் பையனையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். அன்று போன வழியைத்தான், அதில் நாங்கள் செய்த தவறுகளைத் திருத்தி, இங்கே எழுதுகிறேன்.

முதலில், எதைத் தாம்பரம் என்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். ஆக, பல்லாவரத்தில் இறங்கினாலும் நீங்கள் தாம்பரம் மாநகராட்சியில்தான் இறங்குகிறீர்கள். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானட்டோரியம், தாம்பரம் என்று வரிசையாக நான்கு ஸ்டேஷன். இந்த வரிசையில் போனால் ஊரின் கதையும் ஏறக்குறையக் காலவரிசையிலேயே வரும். அதனால் தாம்பரத்தில் ஆரம்பிக்காதீர்கள், பல்லாவரத்தில் ஆரம்பியுங்கள்.

பீச் – தாம்பரம் வண்டி எதில் ஏறினாலும் சரி. காலை ஏழரைக்குள் பல்லாவரத்தில் இருந்தால் நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் வேண்டவே வேண்டாம், மலைப்பாறை காலைச் சுட்டுவிடும். டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி முடிய நல்ல காலம். கழற்றி மாட்ட வசதியான செருப்பு, தண்ணீர், தலைக்கு ஒரு துண்டு அல்லது துப்பட்டா எடுத்துக்கொள்ளுங்கள். துப்பட்டா வெயிலுக்கு மட்டுமல்ல, வழியில் பார்க்கப்போகும் தர்காவுக்கும் வேண்டும்.

பல்லாவரத்தின் பெருமையை ஊர்க்காரர்களே அதிகம் பேசுவதில்லை. 1863 மே 30-ம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் இங்கே படைகள் அணிவகுக்கும் மைதானத்துக்குப் பக்கத்தில், சரளைக்கல் தோண்டிய குழி ஒன்றில் ஒரு கல்லைப் பொறுக்கினார். மனிதக் கை செதுக்கிய கைக்கோடரி அது. இந்தியாவில் முதன்முதலில் அடையாளம் காணப்பட்ட பழைய கற்காலக் கருவி. இந்த மண்ணில் அவ்வளவு காலத்துக்கு முன்பே மனிதன் வாழ்ந்தான் என்று சொல்ல அதுவரை யார் கையிலும் சான்று இல்லை. அதே வருடம் செப்டம்பரில் அவர் கொற்றலை ஆற்றங்கரை அத்திரம்பாக்கத்துக்குப் போனதும், அது இன்று உலகம் பேசும் தொல்லியல் களமானதும் இதற்குப் பிறகு நடந்தவை.

அந்தக் குழியைத் தேடி அலைய வேண்டாம், அங்கே பார்க்க எதுவும் மிஞ்சவில்லை. ஃபூட் சேர்த்த கருவிகளை 1904-ல் எழும்பூர் அரசு அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. எழும்பூரும் இதே ரயில் பாதையில்தான் இருக்கிறது. பயணத்துக்கு முந்தைய வாரம் ஒரு நாள் அங்கே போய்க் கற்கருவிகளைப் பார்த்துவிட்டு வந்தால் பல்லாவர மண்ணின் மேல் நிற்கும்போது உடம்பு சிலிர்க்கும். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

என் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் தவறாமல் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. கருவி செய்த கல் குவார்ட்சைட். பல்லாவரம் மலையோ வேறு பாறை. அப்படியானால் இந்தக் கல் எப்படி இங்கே வந்தது? ஆறு உருட்டிக்கொண்டு வந்ததா, மனிதன் சுமந்து வந்தானா? பிள்ளைகள் சண்டை போட்டுக்கொள்வார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் கேட்டுப் பாருங்கள்.

அந்த மலைப் பாறைக்கும் தனிக் கதை இருக்கிறது. நீலம் கலந்த சாம்பல் நிறம். உடைத்த முகத்தைப் பார்த்தால் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கில வணிகரின் கல்லறைக்கு இந்தப் பகுதிக் கல்தான் போனது. அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893-ல் இந்தப் பாறைவகைக்கு 'சார்னோக்கைட்' என்று பெயர் வைத்தார். அண்டார்க்டிகாவில் இதே வகைப் பாறை கிடைத்தாலும் பெயர் அதுதான். வயது சுமார் 250 கோடி வருடம். பக்கத்துப் பரங்கிமலை அடிவாரத்தில் இந்தப் பாறையைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். பல்லாவரத்தில் எந்தப் பழைய வீட்டின் கடைக்காலைப் பார்த்தாலும் இந்தக் கல் கண்ணில் படும், தொட்டுப் பாருங்கள்.

இதே கல்லைக் குடைந்துதான் மகேந்திரவர்மப் பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் ஒரு குடைவரைக் கோயில் எடுத்தான். பல்லவபுரம்தான் பல்லாவரம் ஆனது. பழைய பல்லாவரம் பக்கம் பஞ்சபாண்டவர் மலை என்று கேட்டால் வழி சொல்வார்கள். சிலர் "தர்காவா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஆம், இரண்டும் ஒன்றுதான். பல்லவன் குடைந்த இடம் பல காலமாக தர்காவாக இருக்கிறது. மன்னனின் விருதுப் பெயர்கள் அங்கே கல்லில் வெட்டப்பட்டவை. செருப்பைக் கழற்றி, தலையை மூடி, அங்கிருக்கும் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போங்கள். தொழ வந்தவர்களைப் படம் எடுக்காதீர்கள். வெள்ளையடிப்புக்குக் கீழேயும் பல்லவத் தூணின் சதுரமும் எட்டுப்பட்டையும் தெரியும். மாமல்லபுரம் போனவர்கள் அந்தத் தூணை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

நீங்கள் போகும் நாள் வெள்ளிக்கிழமையாக இருந்தால் சந்தையைப் பார்க்காமல் நகராதீர்கள். பல்லாவரம் வெள்ளிச் சந்தை பழைய டிரங்க் ரோட்டில் கூடுகிறது. ரோஜாச் செடி, கோழி, பழைய தையல் மெஷின், கழற்றிய கதவு, ரேடியோ, ஸ்பேனர், புத்தகம் என்று இல்லாதது இல்லை. நான் பூகோள உருண்டை ஒன்றை இங்கே வாங்கி இருபது வருடம் வகுப்பில் வைத்திருந்தேன். வெயில் ஏறுவதற்கு முன் போனால் நின்று பார்க்கலாம். சாயங்காலம் கூட்டம் நெட்டித் தள்ளும். பர்ஸ் பத்திரம். விலை சொன்னதும் பாதியாகக் கேட்காதீர்கள், கால்வாசி குறைத்துக் கேட்டால் பெரும்பாலும் படியும்.

பல்லாவரத்திலிருந்து மேற்கே திருநீர்மலைக்கு பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் இருக்கின்றன. பகல் பன்னிரண்டுக்குள் கோயில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் இங்கே பத்து மணிக்காவது போய்விட வேண்டும். அண்ணன் மகளை நான் பதினொன்றரைக்கு அழைத்துப் போய், மலைமேல் சன்னிதியை எட்டிப் பார்ப்பதற்குள் திரை விழுந்துவிட்டது. அந்தத் தவறை நீங்கள் செய்ய வேண்டாம். 108 திவ்ய தேசங்களில் ஒன்று இது. அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற கோலம். மலைமேல் நரசிம்மர் இருந்த கோலம், ரங்கநாதர் கிடந்த கோலம், உலகளந்தவர் நடந்த கோலம். நான்கு கோலத்தையும் ஒரே தலத்தில் சேவிக்கலாம். திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் நின்றதாம், வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்து சேவித்தாராம். நீர்மலை என்ற பெயருக்கு அந்தக் கதையைச் சொல்வார்கள்.

படியேறி மேலே போனதும் சேவித்துவிட்டு உடனே இறங்காதீர்கள். சுற்றிப் பாருங்கள். பெரிய திருக்குளம், ஏரிகள், அப்பால் அடையாற்றின் போக்கு. ஆழ்வார் காத்திருந்த கதையை நான் 2015-க்கு முன்னால் வெறும் கதையாகத்தான் கேட்டேன். அந்த வருடம் டிசம்பர் 1-ம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளின் முதல் மாடிவரை நீர் ஏறிப் படகில் ஆட்களை மீட்டார்கள். எங்கள் மொட்டைமாடியில் மூன்று குடும்பங்கள் இரண்டு நாள் தங்கின. இந்த ஊர் ஏரிகளின் ஊர். பாக்கம் என்று முடியும் பெயர்களைப் பாருங்கள்: சிட்லபாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏரி. ஓர் ஏரி நிறைந்து அடுத்ததில் விழும். எங்கே அந்த வழியை அடைத்து வீடு கட்டினோமோ அங்கே தண்ணீர் வந்து நின்றது. திருநீர்மலை உச்சியில் நின்றால் இதை ஒரு குழந்தைக்குக்கூட ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம், வகுப்பறையில் ஒரு மாதம் ஆகும்.

நேரம் இருந்தால் பக்கத்து அனகாபுத்தூரையும் எட்டிப் பார்க்கலாம். நெசவாளர் ஊர். 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்' என்ற கட்டம்போட்ட துணி இங்கிருந்து நைஜீரியாவுக்குப் போனது. அந்த ஏற்றுமதி நின்ற பிறகு தறிகள் குறைந்தன. மீதியிருப்பவர்களில் சிலர் வாழைநார் போன்ற இயற்கை நார்களில் புடவை நெய்கிறார்கள். வாங்காவிட்டாலும் ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டிய துணி.

அடுத்து குரோம்பேட்டை. சாதி, சாமி, மன்னன் எதுவும் இல்லாமல் ஒரு ரசாயனத்தின் பெயரால் அமைந்த ஊர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் குரோமிய உப்பால் தோல் பதனிடும் முறை வந்தது. சேம்பர்ஸ் என்பவர் இங்கே குரோம் லெதர் கம்பெனியை நடத்தினார். கம்பெனியைச் சுற்றி வந்த பேட்டைக்கு அதுவே பெயரானது. பம்மல், நாகல்கேணிவரை பல தோல் தொழிற்சாலைகள் வந்தன, பல ஆயிரம் பேருக்குச் சோறு போட்டன. நிலத்தடி நீரையும் கெடுத்தன. நாகல்கேணியிலிருந்து வந்த என் மாணவி ஒருத்தி, "எங்க கிணத்துத் தண்ணி மஞ்சளா வரும் டீச்சர்" என்று தண்ணீரை பாட்டிலில் கொண்டுவந்து காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. பெயர்ப்பலகையைப் படிக்கும்போது இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) கல்லூரி இருக்கிறது. சி. ராஜம் என்ற தொழிலதிபர் தன் வீட்டை விற்ற பணத்தைப் போட்டு 1949-ல் தொடங்கியது. அப்துல் கலாம் இங்கேதான் விமானப் பொறியியல் படித்தார். வளாகத்தில் காட்சிக்கு வைத்திருந்த பழைய விமானங்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாராம். எழுத்தாளர் சுஜாதாவும் இங்கே படித்தவர்தான். உள்ளே போக அனுமதி வேண்டும் என்பதால் வாசலோடு திரும்பிவிட்டு, குமரன் குன்றம் ஏறிவிடுங்கள். சின்னக் குன்று, படிகள் சுலபம். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களைப் பையன் எண்ண ஆரம்பித்தால் கிளப்புவது கஷ்டம்.

மத்தியானச் சாப்பாட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில் முடித்துக்கொண்டு சானட்டோரியம் வண்டி ஏறுங்கள். எனக்கு நெருக்கமான இடம் இது. என் மாமியார் இந்த டி.பி. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். காசநோய்க்கு மருந்து சரியாக வராத காலத்தில் நல்ல காற்றும் வெயிலும் ஓய்வும் சத்தான சாப்பாடும்தான் வைத்தியம். அதற்காக ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே 1928-ல் இதைத் தொடங்கியவர் டாக்டர் சவுரிமுத்து. இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் காசநோய் விடுதி நடத்தியவர் அவர். கணிதமேதை ராமானுஜன் 1917-ல் உடம்பு முடியாமல் இருந்தபோது அந்த மெண்டிப் விடுதியில் அவரிடம் சிகிச்சை பெற்றார். இந்தச் சின்ன ஸ்டேஷனின் பெயருக்குப் பின்னால் இப்படி ஒரு தொடர்பு! 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது. 1990-களில், எச்.ஐ.வி. நோயாளிகளைத் தொடவே பயந்த நாட்களில், தமிழ்நாட்டின் எந்த மூலையிலிருந்து வந்தாலும் சேர்த்துக்கொண்ட ஆஸ்பத்திரி இது. நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவதே பாதி வைத்தியம் என்று மாமியார் சொல்வார்.

ஆஸ்பத்திரியைச் சுற்றுலா இடம்போல் சுற்றாதீர்கள். வெளியே நின்று மரங்களைப் பார்த்தால் போதும். பக்கத்தில் 2005-ல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அதன் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர். அவரே சித்த வைத்தியர் என்பதால் பொருத்தமான பெயர். காலையில் வந்தால் வெளிநோயாளிகள் வரிசை நீளமாக இருக்கும். மூட்டுவலிக்காரர்கள் இதற்கென்றே ஒரு நாள் தனியாக வரலாம். எதிரே 1984-ல் வந்த மெப்ஸ் ஏற்றுமதி வளாகம். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் மட்டும் அந்த ஸ்டேஷனில் வண்டி ஏறாதீர்கள், கால் வைக்க இடம் இருக்காது.

இப்போது தாம்பரம். ஸ்டேஷனிலிருந்து அவசரமாக வெளியே போகாமல் மேம்பாலத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். 1931-ல் பீச்சிலிருந்து தாம்பரம்வரை மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. அப்போது மீட்டர் கேஜ், அதாவது இப்போதையதைவிடக் குறுகிய தண்டவாளம். 2004 வரையிலும் நாங்கள் அந்தக் குட்டி வண்டியில்தான் போய்வந்தோம். பெட்டி குறுகல், எதிரில் இருப்பவர் முழங்கால் நம் முழங்காலில் இடிக்கும், அதிலேயே சிநேகமாகிவிடுவோம். இந்த ரயில்தான் தாம்பரத்தை ஊராக்கியது என்று நான் நம்புகிறேன். ரயில் ஓடி ஆறாவது வருடம், 1937-ல், ஜார்ஜ் டவுனில் இடம் போதாமல் இருந்த சென்னை கிறித்தவக் கல்லூரி இங்கே வந்தது. கல்லூரிக்குப் பின்னால் ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், வீடுகள், கடைகள் எல்லாம் வந்தன.

அந்தக் கல்லூரி வளாகம் கிழக்கு தாம்பரத்தில், 350 ஏக்கருக்கு மேல் பரந்த காடு. ஆம், காடுதான். எட்வர்ட் பார்ன்ஸ் என்ற வேதியியல் பேராசிரியரும் அவர் மனைவி ஆலிஸும் செடிகொடிகளை ஆராய்ந்து, மரங்களை நட்டுப் பேணி வளர்த்த வளாகம். புள்ளிமான்கள் திரியும். சுவிஸ் கட்டடக் கலைஞர் ஹென்றி ஷெட்டி வடிவமைத்த கட்டடங்கள். 1938 டிசம்பரில் உலகம் முழுவதிலுமிருந்து கிறித்தவ சபைப் பிரதிநிதிகள் கூடிய மாநாடு இங்கே நடந்தது. இன்றும் இறையியல் படிப்பவர்கள் அந்த மாநாட்டைத் 'தாம்பரம்' என்ற ஒற்றைச் சொல்லால் குறிப்பிடுகிறார்கள். வளாகம் பொதுப் பூங்கா அல்ல. அங்கே படித்தவர், வேலை செய்பவர் யாராவது தெரிந்தால் முன்கூட்டியே சொல்லி அவரோடு போங்கள். அல்லது கல்லூரிக்கு எழுதி அனுமதி வாங்குங்கள். வாசலில் போய் நின்று செக்யூரிட்டியிடம் கெஞ்சுவதில் பயனில்லை.

மேற்கு தாம்பரத்தில் சண்முகம் சாலை மார்க்கெட் இருக்கிறது. காய், பழம், பூ எல்லாம் மலிவு. பையை இப்போதே நிரப்பாதீர்கள், இன்னும் ஓர் இடம் பாக்கி.

நாலரை மணிக்கு மேல் கிழக்கு தாம்பரத்திலிருந்து கேம்ப் ரோடு வழியாக மாடம்பாக்கம் போங்கள். தேனுபுரீஸ்வரர் கோயில், சோழர் காலத்தது, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கபிலர் பசுவாகப் பிறந்து லிங்கத்தின்மேல் பால் சொரிந்தார் என்பது தல வரலாறு. தேனு என்றால் பசு. லிங்கத்தில் குளம்புத் தடம் இருப்பதாகச் சொல்வார்கள். சாமி கும்பிட்டதும் கருவறையின் பின்பக்கம் போய் நில்லுங்கள். விமானம் சதுரமாக இருக்காது, படுத்திருக்கும் யானையின் முதுகுபோல் வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்று தேவாரம் சொல்லும் வடிவம் அது. அண்ணன் மகளின் பையன் அதைப் பார்த்ததும் யாரும் சொல்லாமலே, "பாட்டி, யானை உட்கார்ந்திருக்கு" என்றான்.

வண்டலூர் பூங்காவை இந்த நாளோடு சேர்க்காதீர்கள். 1985-ல் திறந்த அந்த இடத்துக்கு ஒரு முழு நாள் வேண்டும். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

திரும்பும்போது வெளிச்சம் மிச்சமிருந்தால் சிட்லபாக்கம் ஏரிக்கரை நடைபாதையில் ஒரு சுற்று வாருங்கள். ஆறு மணிக்குக் கொக்குகளும் நீர்க்காகங்களும் அடையத் திரும்பும். நான் பெரும்பாலும் தெற்குக் கரையில் இருப்பேன், கையில் கண்ணாடிப்பெட்டியும் ஒரு பொட்டலம் வேர்க்கடலையும் இருக்கும்.